அச்சு வண்ணமும் ஒரு பொய் நிபந்தனையும்

இந்திய மொழிகளில் சிற்றிதழோ சிறுநூலோ கொண்டுவர முயன்ற எவரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய வாசகம் ஒன்று உண்டு: "போட்டோஷாப்பில் சி.எம்.ஒய்.கே. ஆக்கிக் கொண்டுவாருங்கள், மற்றதெல்லாம் பிரஸ்ஸில் ஓடாது." சிவகாசியிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் மொழிதான் மாறுகிறது, நிபந்தனை மாறுவதில்லை. கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளில் படங்களைத் திருத்தி எடுத்துச்செல்லும் ஆசிரியர் இந்த ஒற்றை வாசகத்தின் முன் வாயடைத்துத் திரும்புகிறார். அதன்பின் அவருக்கு மூன்று வழிகளே எஞ்சுகின்றன. ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் திறக்கப்போகும் மென்பொருளுக்குச் சந்தா கட்டலாம்; திருட்டுப் பிரதி ஒன்றை நிறுவிக்கொள்ளலாம்; அல்லது வண்ணமே வேண்டாமென்று படங்களைக் கருப்பு வெள்ளை ஆக்கிவிடலாம். ஓவியம் பற்றிய ஆய்வேடு நூலாகும்போது அதிலுள்ள ஓவியங்கள் சாம்பல் நிறத்தில் அச்சாவதற்குப் பணமின்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த நிபந்தனைக்கும் அதில் பங்குண்டு.

நிபந்தனை உண்மையாக இருந்தால் அதற்குப் பணிவதில் இழுக்கில்லை. ஆனால் இது தொழில்நுட்ப உண்மை அன்று. அளந்து பார்க்காத ஒரு தொழில், தன் அளவின்மையை மறைக்க ஒரு வணிகப் பெயரைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறது. அச்சுக்கான வண்ணமாற்றம் எந்த மென்பொருளில் நிகழ்கிறது என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. எந்த இயந்திரத்துக்காக, எந்தத் தாளுக்காக நிகழ்கிறது என்பதே முதற்கேள்வி. அந்த முதற்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அச்சகத்தார். விடை சொல்லாமல் மென்பொருளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

திரையில் தெரியும் வண்ணம் ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கூடக்கூட வெண்மை பிறக்கிறது. தாளில் தெரியும் வண்ணம் மையால் ஆனது. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மைகள் வெண்தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஆளுக்கொரு பகுதியை விழுங்குகின்றன. அவை கூடக்கூட இருள் பிறக்கிறது. மூன்றும் சேர்ந்தும் முழுக்கருமை கிட்டாமல் பழுப்பேறிய மங்கலே கிடைப்பதால் நான்காவதாகக் கருப்பு மை வந்து சேர்ந்தது. இந்த நான்கு மைகளால் எட்டக்கூடிய வண்ணப்பரப்பு திரையின் வண்ணப்பரப்பினும் பெரும்பாலும் குறுகியது. திரையில் பளிச்சிடும் தூய நீலமும் ஒளிரும் பச்சையும் தாளில் அப்படியே வாரா. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் அவற்றை வரவழைக்க முடியாது. ஆகவே வண்ணமாற்றம் என்பது ஓர் இழப்பை எவ்வாறு பங்கிடுவது என்ற முடிவு. எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க, மாற்றுபவருக்குச் சென்றுசேரும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இடம் ஒன்றல்ல, பல. ஒரே மை விகிதம் ஆர்ட் பேப்பரில் துலங்கும், மேப்லித்தோவில் மங்கும், நாளிதழ்த் தாளில் ஊறிப் பரவி அடையாளமே மாறிப்போகும். தாளில் இறங்கும் மைப்புள்ளி பிளேட்டில் இருந்ததைவிடப் பெருக்கிறது. எவ்வளவு பெருக்கும் என்பது தாளையும் மையையும் இயந்திரத்தையும் பொறுத்தது. ஆதலால் பொதுவான சி.எம்.ஒய்.கே. என்று உலகில் ஒன்றுமில்லை. இன்ன தாளில், இன்ன நிலையில் ஓடும் இயந்திரத்துக்கான சி.எம்.ஒய்.கே. என்பதுதான் உண்டு. தாளையும் இயந்திரத்தையும் சொல்லாமல் "சி.எம்.ஒய்.கே. ஆக்கிக் கொண்டுவா" என்பது, ஊரைச் சொல்லாமல் "டிக்கெட் எடுத்துக்கொண்டு வா" என்பதற்கு ஒப்பானது.

ஊரைச் சொல்வதற்கான முறையை இத்தொழில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவின. ஐ.சி.சி. எனச் சுருக்கமாக அறியப்படும் அவ்வமைப்பு வகுத்ததே இன்றைய வண்ணப் புரொஃபைல். ஓர் இயந்திரம் ஒரு தாளில் எந்த மை விகிதத்துக்கு எந்த நிறத்தைத் தருகிறது என்று அளந்து எழுதிய அட்டவணை அது. மென்பொருளின் வேலை அந்த அட்டவணையைப் படித்துக் கணக்கிடுவது மட்டுமே. அந்தக் கணக்கைச் செய்யும் லிட்டில் சி.எம்.எஸ். என்னும் பொறி கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. கிம்ப், கிருத்தா, ஸ்கிரைபஸ் ஆகிய மூன்றுமே அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஐரோப்பிய வண்ண முன்முயற்சி என்ற அமைப்பு ஆர்ட் பேப்பருக்கும் பூச்சில்லாத தாளுக்கும் உரிய தரப்படுத்திய புரொஃபைல்களைத் தன் தளத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. அட்டவணையும் இலவசம், கணக்குப் பொறியும் இலவசம் என்னும்போது, எதற்காகச் சந்தா?

இங்கேதான் இந்த நிபந்தனையின் பெரிய முரண் வெளிப்படுகிறது. "போட்டோஷாப்பில் ஆக்கு" என்போரில் எத்தனைபேர் எந்தப் புரொஃபைலில் ஆக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்? யாரும் சொல்லாதபோது பட்டியலிலுள்ள சி.எம்.ஒய்.கே. என்ற வரியை அழுத்துவதோடு வேலை முடிகிறது. அப்போது மாற்றத்தைத் தீர்மானிப்பது மென்பொருளில் முன்பே அமைந்திருக்கும் புரொஃபைல். பரவலாகக் காணப்படும் முன்னமைவு அமெரிக்க இதழ்களுக்கான வெப் ஆஃப்செட் அச்சுக்கு வகுத்த ஸ்வாப் புரொஃபைல். வெப் என்பது இங்கே இணையத்தைக் குறிப்பதன்று. உருளையில் சுற்றிய தாளில் அதிவேகமாக அச்சிடும் முறையைக் குறிப்பது. இந்தியாவில் தனித்தாள் இயந்திரத்தில், இந்தியத் தாளில் அச்சாகப்போகும் படம், அமெரிக்க உருளை இயந்திரம் ஒன்றுக்காக மாற்றப்படுகிறது. விலை கொடுத்தோ கொடுக்காமலோ பெற்ற மென்பொருளைக் கொண்டு, பிறர் இயந்திரத்துக்கான வண்ணத்தை நம் தாளில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் தொழில்முறை என்று அழைக்கிறார்கள்.

விளைவு நூலின் பக்கங்களில் தெரியும். அந்த ஸ்வாப் முன்னமைவில் திரையின் முழுக்கருப்பு ஒன்றை மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என நான்கு மைகளாகப் பிரிகிறது. மொத்தம் 300 விழுக்காடு. நாளிதழ்த் தாளுக்கான பன்னாட்டுத் தரத்தையொட்டிய புரொஃபைல் அனுமதிக்கும் மொத்த மை அளவு 240 மட்டுமே. மிஞ்சிய 60 விழுக்காட்டை மெல்லிய தாள் தாங்காது. மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும். மறுபக்கத்தில் ஊடுருவித் தெரியும். படத்தோடு எழுத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் கேடு இன்னும் பெரிது. நான்கு பிளேட்டுகளும் மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தினால்தான் நான்கு மைகளில் அச்சாகும் எழுத்து ஓரம் சிந்தாமல் நிற்கும். சுழியும் கொக்கியும் புள்ளியும் நிறைந்த நம் எழுத்துகளில், எட்டுப் புள்ளி அளவில், ரிஜிஸ்டர் சற்றே விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் செந்நிறமும் நீலமுமாக நிழல் படரும். இந்தப் பிழை விலைமிகுந்த மென்பொருளிலும் நேரும், விலையற்ற மென்பொருளிலும் நேரும். அறியாமைக்கு உரிம வேறுபாடு கிடையாது.

கட்டற்ற மென்பொருள்களால் இன்று என்ன இயலும் என்பதையும் வதந்திகளை விட்டு, உள்ளவாறே பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0 பதிப்பில் அச்சகத்தின் புரொஃபைலைத் தெரிவுசெய்து, தாளில் படம் எவ்வாறு தோன்றும் என்று திரையிலேயே முன்னோட்டம் பார்க்கலாம். அச்சு எட்டாத வண்ணங்களை அடையாளமிட்டுக் காட்டச்சொல்லலாம். பிறகு அதே புரொஃபைலின்படி சி.எம்.ஒய்.கே. டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். கிருத்தாவில் தொடக்கத்திலிருந்தே சி.எம்.ஒய்.கே. ஆவணத்தில் ஓவியம் தீட்டலாம். ஸ்கிரைபஸ் பக்க வடிவமைப்புக்கு உரியது. அதில் எழுத்தைக் கருப்பு மை ஒன்றில் மட்டும் அமைத்து, படங்களுக்குப் புரொஃபைலைப் பொருத்தி, அச்சு முன்னோட்டத்தில் நான்கு மைகளையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து, அச்சுக்கென்றே தரப்படுத்திய பி.டி.எஃப். எக்ஸ் கோப்பாக வெளியிடலாம். படத்தைக் கிம்ப்பில் ஆர்.ஜி.பி. நிலையிலேயே திருத்தி முடிப்பது, எழுத்தை ஒருபோதும் படத்துக்குள் வைக்காமல் ஸ்கிரைபஸில் வைப்பது, வண்ணமாற்றத்தை வேலையின் கடைசிப் படியாக ஒரே ஒருமுறை செய்வது: இந்த மூன்றையும் கடைப்பிடிக்கும் எவரும் பெரும்பாலான நூல்களையும் இதழ்களையும் குறையின்றி அச்சுக்கு அனுப்பிவிட முடியும்.

மறுதரப்பின் குற்றங்களையும் மறைக்கலாகாது. கிம்ப் 1996-இல் பொதுவெளிக்கு வந்தது. துணைச்செருகிகளின் தயவின்றிச் சி.எம்.ஒய்.கே. கோப்பை ஏற்றுமதி செய்ய அதற்கு ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆயின. இன்றும் அது உள்ளுக்குள் ஆர்.ஜி.பி. மென்பொருளே, நான்கு மை வாய்க்கால்களையும் தனித்தனியே தொட்டுத் திருத்த விரும்புவோருக்கு அது போதாது. இக்குறையைச் சுட்டியவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் சிலர் அளித்துவந்த விடை "அச்சுக்கு அதெல்லாம் தேவையில்லை, பிரஸ்காரர் பார்த்துக்கொள்வார்" என்பது. அச்சகத்தாரின் அலட்சியத்துக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. வேறு சிலர் இமேஜ்மேஜிக் கட்டளை ஒன்றைத் தூக்கிக்கொடுத்துப் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். புரொஃபைலைக் குறிப்பிடாமல் அக்கட்டளையை ஏவினால் நடப்பது வெறும் கழித்தல் கணக்கு. தூய நீலம் 100 விழுக்காடு சயானும் 100 விழுக்காடு மெஜந்தாவுமாகி, தாளில் ஊதாவாக இறங்கும். அப்படி அச்சாகிக் கெட்டுப்போன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டற்ற மென்பொருள் அச்சுக்கு உதவாது என்று ஒருவர் முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல இயலுமா? விடுதலை என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சி, கற்றுக்கொள்ளும் கடமையிலிருந்து எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

ஆயினும் "ஓடாது" என்ற வாசகம் பொய் என்பதற்குக் கேரளத்தில் நாள்தோறும் சான்று அச்சாகிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளிதழான ஜனயுகம் 2019-இல் தன் அச்சுக்கோப்புப் பணியைக் கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றிக்கொண்டது. பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ், படங்களுக்குக் கிம்ப், எழுத்துக்கு யூனிகோடு. நாளிதழின் நிலைமை சிற்றிதழின் நிலைமை அன்று. இரவில் குறித்த மணிக்குப் பக்கங்கள் பிளேட்டுக்குப் போயாக வேண்டும்; தாளோ வண்ணத்துக்குச் சற்றும் ஒத்துழைக்காத நாளிதழ்த் தாள். அங்கே ஓடுகிற ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழுக்கும் ஆயிரம் படி அச்சாகும் நூலுக்கும் எப்படி ஓடாமற்போகும்? ஜனயுகத்தை மாற்றியது மென்பொருள் மட்டுமன்று. பணியாளர்களுக்கு அளித்த பயிற்சியும், கோளாறு வந்தால் உடனிருந்து தீர்த்த தன்னார்வலர்களும், மாற்றியே தீர்வது என்ற நிருவாகத்தின் முடிவும் சேர்ந்தே அதைச் சாதித்தன. பிற இடங்களில் இல்லாதது இந்த முடிவுதான்.

"அதே பணத்தில் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளை வாங்கிவிட்டுப் போகலாமே" என்று கேட்போர் உண்டு. வாங்குவது என்ற சொல் இத்துறையில் பொருளிழந்து நாளாயிற்று. 2013-இல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியபின் எவரும் எதையும் வாங்குவதில்லை, வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை வீட்டில் எதுவெல்லாம் நேரக்கூடும் என்பதை 2022 காட்டிற்று. அடோபிக்கும் பான்டோனுக்கும் இடையிலான உரிம ஏற்பாடு மாறியதும், பல பான்டோன் வண்ணப் பட்டியல்கள் அடோபி மென்பொருள்களிலிருந்து நீங்கின. தனிச்சந்தா கட்டாதவர்கள் தாங்களே முன்பு வரைந்த கோப்புகளைத் திறந்தபோது அவ்வண்ணங்கள் இருந்த இடத்தில் கருப்பைக் கண்டார்கள். ஒருவர் தம் கையால் தீட்டிய படத்தின் நிறம், இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பையோ ஓர் இதழின் முப்பதாண்டுத் தொகுப்பையோ இத்தகைய வாடகைச் சீட்டை நம்பி ஒப்படைக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது.

அதிலும், பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் இந்த நிபந்தனையை எழுத்தில் வைப்பது மன்னிக்கத்தக்கதன்று. அச்சுப்பணிக்கான ஒப்பந்தப்புள்ளியிலும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலிலும் கோப்பின் தரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இந்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கை, அரசுக் கொள்முதலில் திறமூல மென்பொருளை முன்னுரிமையோடு கருத வேண்டுமென்றும், விலக்கினால் அதற்குக் காரணம் காட்ட வேண்டுமென்றும் கூறுகிறது. அது மின்னாளுகைக்கான கொள்கை, பதிப்புப் பணிக்குரியதன்று என்று வாதிடலாம். சட்டத்தின் எழுத்தில் அந்த வாதம் நிற்கக்கூடும், நியாயத்தில் நிற்காது. பி.டி.எஃப். எக்ஸ் 2001 முதல் ஐ.எஸ்.ஓ. தரமாக இருக்கிறது. கோப்பு அத்தரத்துக்கு உட்பட்டிருந்தால் அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று அச்சகம் கேட்க வேண்டியதே இல்லை. தரத்தைக் கேட்காமல் பிறப்பிடத்தைக் கேட்கும் விதி, நல்கையில் வாழும் ஆய்வு மாணவரைத் திருட்டுப் பிரதியை நோக்கித் தள்ளுகிறது. ஆய்வில் பிறர் வரியைத் திருடலாகாது என்று கற்பிக்கும் நிறுவனம், அந்த ஆய்வை அச்சிடத் திருடச்சொல்வதில் உள்ள கேவலத்தை உணர்வதாகத் தெரியவில்லை.

இந்நாட்டில் அச்சு வண்ணத்தின் வரலாறு இப்படித் தொடங்கவில்லை. உபேந்திரகிஷோர் ராய் தம் நூலின் படங்கள் மோசமாக அச்சானதைக் கண்டு மனம் வெதும்பி, 1895-இல் பிரிட்டனிலிருந்து கருவிகளை வரவழைத்துக் கல்கத்தாவில் தாமே ஹாஃப்டோன் பிளாக் செய்யக் கற்றார். கருவியை வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. புள்ளித்திரை எப்படி இயங்குகிறது என்று கணக்கிட்டு, 1897-க்கும் 1912-க்கும் இடையில் பென்ரோஸ் ஆண்டுமலரில் கட்டுரைகள் எழுதினார்; ஐரோப்பிய அச்சுத்துறை அவற்றைப் படித்தது. அவர் மகன் சுகுமார் ராய் அச்சுத் தொழில்நுட்பம் கற்க 1911-இல் இங்கிலாந்து சென்றார். 1913-இல் அக்குடும்பம் தொடங்கிய சந்தேஷ் என்னும் குழந்தைகள் இதழில் அந்த அறிவெல்லாம் படங்களாக வந்து சேர்ந்தது. கருவி அயலது, அறிவு தமது என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். நூறாண்டு கடந்தபின் கருவியும் அயலது, அதன் முன்னமைவும் அயலது, அதைப் பற்றிய அறிவும் தேவையில்லை என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

இதைச் சரிசெய்யப் பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் அச்சகமும் தன் விலைப்பட்டியலின் அடியில் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்: எந்தத் தாளுக்கு எந்தப் புரொஃபைல், மொத்த மையின் உச்ச அளவு எவ்வளவு, எந்தத் தரத்தில் பி.டி.எஃப். வேண்டும். தன் இயந்திரத்தை அளக்க வசதியில்லாத அச்சகம், தரப்படுத்திய புரொஃபைல் ஒன்றைப் பெயர்சொல்லி அறிவித்துவிட்டு அதை நோக்கித் தன் இயந்திரத்தை ஓட்ட முயலலாம். அதுவே இன்றைய நிலையைவிடப் பன்மடங்கு மேல். பதிப்பு நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டுதலிலிருந்து மென்பொருளின் பெயரை அடித்துவிட்டுத் தரத்தின் பெயரை எழுத வேண்டும். கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பதிப்பு எண்களைக் கொண்டாடுவதோடு நில்லாமல், புரொஃபைலும் மை அளவும் கருப்பு எழுத்தும் பற்றிய எளிய கையேடுகளை இந்திய மொழி ஒவ்வொன்றிலும் எழுதித் தர வேண்டும்.

அதுவரை, அச்சகத்துக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோகலாம். "போட்டோஷாப்பில் ஆக்கிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லப்படும்போது, "எந்தப் புரொஃபைலில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். விடை கிடைத்தால் எந்த மென்பொருளும் போதும். விடை கிடைக்காவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. அந்த அச்சகத்துக்குப் படங்களைக் கொடுப்பதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.